மூன்றாம் நாள் மூச்சு: நரம்புத்தசைச் சந்தியில் நொதிய நிரோதமும் நாயாற்றுக்கு ஏற்ற சிகிச்சை ஒழுங்கும்

முல்லைத்தீவின் கரைதுறைப்பற்றில், செம்மலைக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையே, கடல்நீரேரியின் முகத்தில் இருக்கிறது நாயாறு. அது மீன்பிடிக் கரை என்றாலும் சுற்றியுள்ள ஊர்களுக்குக் காலபோக நெல்லும் வாழ்வாதாரம். மடிச்சுக்கட்டி, அறக்கொட்டி ஆகிய நெற்பூச்சிகளுக்கு மருந்தடிப்பவர்களின் வீடுகளில் பூச்சிநாசினிப் போத்தல் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். சேதனப் பொசுபரசு நஞ்சு உடலில் ஏறிய ஒருவரை எங்கே, எத்தனை நாள் வைத்திருப்பது? முதல் நாளின் தெளிவைப் பார்த்து அதை முடிவுசெய்யக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் நொதியம் என்ன நிலையில் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

நரம்பு முனையிலிருந்து வெளியாகும் அசற்றைல்கோலின் தசையின் வாங்கிகளில் ஒட்டித் தசையைச் சுருங்கச் செய்கிறது. அடுத்த கட்டளை வருமுன் அந்த மூலக்கூறு அகற்றப்பட்டாக வேண்டும். சந்தியின் இடைவெளியில் நங்கூரமிட்டிருக்கும் அசற்றைல்கோலினெசுதரேசு என்ற நொதியம் அதை நீர்ப்பகுப்புச் செய்கிறது. நொதியத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் விநாடிக்குப் பல ஆயிரம் அசற்றைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்கும். அதன் உயிர்ப்பு மையம் ஓர் ஒடுங்கிய பள்ளத்தின் அடியில் இருக்கிறது. அங்குள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தைப் பொசுபரசு நஞ்சு பற்றிக்கொள்கிறது. அசற்றைல்கோலின் பற்றினால் நுண்விநாடிகளில் விலகிவிடும். பொசுபேற்றுத் தொகுதி விலக மணிக்கணக்காகும், சில சேர்வைகளில் நாட்கணக்கும் ஆகும். அதற்குள் அத்தொகுதி ஒரு பக்கக் கிளையை இழந்தால் நொதியம் ‘மூப்படைந்து’விடும். அதன்பின் எந்த மாற்றுமருந்தாலும் அதை மீட்க முடியாது, உடல் புதிய நொதியத்தை ஆக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

டைமீதைல் வகை நஞ்சுகளில் மூப்படைதலின் அரைவாழ்வு ஏறத்தாழ 3.7 மணி, டையீதைல் வகையில் ஏறத்தாழ 33 மணி. நாயாறு போன்ற ஊருக்கு இந்த எண்களின் பொருள் பெரியது. போத்தல் திறந்த வேளையிலிருந்து, வாகனம் தேடி, வைத்தியசாலை போய்ச் சேர்வதற்குள் முதல் வகையின் காலம் பெரும்பாலும் கழிந்திருக்கும். நொதியத்தை மீட்கத் தரப்படும் ஒக்சைம் மருந்துகளில் பெரும் நம்பிக்கை வைக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். இலங்கையில் நடந்து 2009இல் வெளியான, பிராலிடொக்சைம் என்ற ஒக்சைமின் பரிசோதனையில் உயிர் காக்கும் பயன் தெரியவில்லை.

அத்துரோபீன் உயிர் காக்கும் மருந்து, அதில் ஐயமில்லை. ஆனால் அது செயற்படுவது சுரப்பிகளிலும் இதயத்திலும் மூச்சுக் குழாய்களிலும் உள்ள மஸ்கரினிக் வாங்கிகளில். எலும்புத் தசையின் நிக்கோட்டினிக் வாங்கியை அது தொடுவதில்லை. வாய் உலர்ந்து, நெஞ்சின் இரைச்சல் அடங்கி, நாடி ஏறிய பின்பு, “இனிப் பயமில்லை” என்று வீட்டார் ஆறுதலடைகிறார்கள். அதே வேளையில் நரம்புத்தசைச் சந்தியில் நொதியம் முடங்கியே கிடக்கலாம்.

இந்த இடைவெளியை உலகுக்குச் சொன்னவர்கள் இந்த நாட்டு மருத்துவர்களே. 1987இல் நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரள்ளியத்தவும் பத்து நோயாளரை விவரித்து, ‘இடைநிலை நோய்க்கூட்டம்’ என்று பெயரிட்டனர். நஞ்சேறி 24 முதல் 96 மணிக்குள், ஆரம்ப நெருக்கடி அடங்கிய பிறகு, கழுத்தும் தோளருகுத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்கின்றன. மூச்சுக்கருவியின் துணை கிடைத்தால் நோயாளி மீள்கிறார், கிடைக்காவிட்டால் இறக்கிறார். அந்தப் பத்துப் பேரைப் பற்றிய குறிப்பு நாயாறு இருக்கும் வன்னிக்கு எழுதிய கடிதம் போலவே எனக்குப் படுகிறது.

இரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்கலாம். இரத்தத் திரவவிழையத்தில் அளக்கப்படுவது பியூற்றைரைல்கோலினெசுதரேசு என்ற வேறொரு நொதியம். நஞ்சு உட்சென்றதை அது காட்டும், சந்தியின் நிலையை உறுதியாகச் சொல்லாது. கழுத்து அதைவிட நேரடியாகச் சொல்லும். மல்லாந்து படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையை உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். முதல் நாள் தூக்கியவர் இரண்டாம் நாள் தூக்கத் திணறினால், மூச்சுத் தசைகளின் முறை வந்துகொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். இதற்குக் கருவி தேவையில்லை, ஒரு தாதி நாலு மணிக்கொருமுறை பார்த்துக் குறித்துவிடலாம்.

அந்த 96 மணியும் கழியும்வரை நான்கு நாள் எல்லோரையும் வைத்திருந்தால் கட்டில் போதாது என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் கட்டில் நெருக்கடிக்கான விடை ஆரம்ப விடுவிப்பு அல்ல. தலை தூக்கும் வலு குறையும் அக்கணமே மூச்சுக்கருவி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே விடை. மூச்சு நின்றபின் புறப்படும் வாகனத்துக்கு அந்தப் பாதை மிக நீளமானது.

சிகிச்சையைவிடப் பெரிய பலன் தந்தது விற்பனைத் தடை. 1995இல் மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த எஞ்சிய பூச்சிநாசினிகளின் இறக்குமதியை இலங்கை நிறுத்தியது. அந்த ஆண்டு இலட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24 ஆகியது. மனிதரின் துயரம் பத்தாண்டில் பாதியாகியிருக்க வழியில்லை. கொடிய நஞ்சு கைக்கெட்டாமல் போனதே முதன்மைக் காரணம் என்ற முடிவை நான் ஏற்கிறேன்.

நஞ்சு உடலில் ஏறியவரைக் கொண்டுவரும் உறவினர்கள் போத்தலையோ அதன் லேபலையோ தவறாமல் கொண்டுவர வேண்டும், எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளி எழுந்து கதைத்தாலும், நான்காம் நாள் கழியுமுன் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்காதீர்கள்.