பட்டியலில் எஞ்சியிருக்கும் இயக்கம்: அமெரிக்கப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமும் கும்மிடிப்பூண்டி அகதிகளும்

அமெரிக்க வெளியுறவுத் துறை 1997 அக்டோபர் 8 அன்று வெளியிட்ட முதல் அயல்நாட்டுப் பயங்கரவாத இயக்கப் பட்டியலில் 30 பெயர்கள் இருந்தன. இலங்கையின் விடுதலைப் புலிகள் அவற்றுள் ஒன்று. இந்தியா அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1992 மே 14 அன்று, அவ்வியக்கத்தைத் தடைசெய்திருந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் புலிகளின் படை அழிந்த பிறகும் இரு நாடுகளும் தடையை விலக்கவில்லை. இந்தியா 2024 மே மாதம் அதை மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தது. புலம்பெயர் நாடுகளில் நிதித் தடங்களும் ஆதரவாளர்களும் எஞ்சியிருப்பதாக அரசுகள் காரணம் சொல்கின்றன. அதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் இச்சட்டங்களின் சுமை ஆயுதம் எடுத்தவரைவிட அவருடைய ஆட்சிக்குக் கீழ் வாழ நேர்ந்தவர்மீதே அதிகம் விழுகிறது என்பதும், அது சட்டத்தின் அமைப்பிலேயே உள்ள கோளாறு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அப்படி வாழ நேர்ந்தவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் ஏராளம். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அலையலையாக வந்தவர்களால் நிரம்பியது. சிப்காட் ஆலைகளின் புகையைச் சுவாசித்தபடி இரண்டாம் மூன்றாம் தலைமுறை அங்கே வளர்ந்துவிட்டது. வருகைப் பதிவும் காவல்துறையின் கியூ பிரிவு நடத்தும் கண்காணிப்பும் முகாம் வாழ்க்கையின் பகுதிகள். இப்படி வந்தவர்களுள் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியிலிருந்து வந்தோரும் உண்டு. வன்னியில் புலிகளுக்கெனக் காவல்துறை, நீதிமன்றம், வங்கி, வரித்துறை எல்லாம் இருந்தன. நெல் விற்றவரும் கடை வைத்தவரும் வரி கட்டினர். வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கினர். கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு அங்கே குடியிருக்க முடியாது.

இவர்கள் அமெரிக்காவில் தஞ்சம் கேட்டால், அந்நாட்டுச் சட்டத்தின்படி இப்படிக் கட்டிய வரியெல்லாம் ‘பொருளுதவி’. பணம், போக்குவரத்து, தங்குமிடம் என அது விரித்துச் சொல்லும் வரையறையில், விரும்பிக் கொடுத்தாரா மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்தாரா என்ற கேள்விக்கு இடமே வைக்கவில்லை. புலிகளால் கடத்தப்பட்டுப் பணம் கொடுத்து மீண்ட இலங்கைத் தமிழ் மீனவர் ஒருவர் அமெரிக்காவில் தஞ்சம் கேட்டபோது, அந்த மீட்புப் பணமே அவருக்கு எதிரான சான்றாக நீட்டப்பட்டது. வற்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்கு விலக்களிக்கும் நடைமுறை 2007 முதல் வந்தது. ஆயினும் அது அரசு விரும்பினால் தரும் சலுகை, உரிமை அல்ல. 2018இல்கூட, எல் சால்வடார் கெரில்லாக்கள் கடத்திப்போய்ச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைத்த பெண்ணின் உழைப்பைக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் பொருளுதவி என்றே தீர்ப்பளித்தது.

2010 ஜூன் 21 அன்று வந்த ஹோல்டர் எதிர் மனிதாபிமானச் சட்டத் திட்டம் வழக்கின் தீர்ப்பு இதன் உச்சம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணம் கோரும் முறையைப் புலிகளுக்குக் கற்றுத்தரவும், சமாதானப் பேச்சில் சட்ட ஆலோசனை தரவும் அமெரிக்கத் தமிழ் அமைப்புகள் அனுமதி கேட்டன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது புலிகள் தோற்றுப்போயிருந்தனர். அக்கோரிக்கைகளில் பெரும்பகுதி பொருளிழந்ததை நீதிமன்றமே குறிப்பிட்டது. எனினும் சட்டம் செல்லும் என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. பட்டியலில் உள்ளோருக்குச் சமாதான வழியைக் கற்பிப்பதும் குற்றமே என்பது அதன் விளைவு.

இதற்கு நேர்மாறான பாடம் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அக்கொலை, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா வரையறுக்கும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்று கூறி, கொலைச் சதியை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழ் எடைபோட்டது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். 19 பேர் விடுதலை. தடா விதிப்படி காவல் அதிகாரி பதிவுசெய்த ஒப்புதல் வாக்குமூலங்களை நீதிமன்றம் ஏற்றது என் வாதத்துக்கு இடைஞ்சல்தான். ஆனாலும் யார் எந்த இயக்கத்தோடு இருந்தார் என்பதைத் தாண்டி, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று கேட்டதால்தான் அந்த 19 பேர் சிறையை விட்டு வெளியே வந்தனர்.

அந்த மரபை நாம் காப்பாற்றவில்லை. தடைசெய்த அமைப்பில் வெறும் உறுப்பினராக இருப்பது குற்றமாகாது என்று 2011இல் அருப் புயான் வழக்கில், அமெரிக்கத் தீர்ப்புகளைத் துணைகொண்டு, உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 மார்ச்சில் மூவர் அமர்வு அதை மாற்றி, அமெரிக்கத் தீர்ப்புகளை அப்படிப் பின்பற்றியது பிழை என்றது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அமெரிக்காவும் ஹோல்டர் வழக்கின் வழியே இந்தியாவின் பக்கம் நெருங்கி வந்திருந்தது.

தடையைத் தொடர அரசுகள் சொல்லும் எஞ்சிய வலைப்பின்னல் என்ற காரணத்துக்குக் கொலம்பியாவில் மறுமொழி இருக்கிறது. ஆயுதத்தைக் கைவிட்ட ஃபார்க் இயக்கத்தை அமெரிக்கா 2021 நவம்பர் 30 அன்று பட்டியலிலிருந்து எடுத்தது. அதே நாளில், ஆயுதத்தைத் தொடர்ந்த இரு பிளவுக் குழுக்களைச் சேர்த்தது. கலைந்ததை நீக்கவும் உயிரோடிருப்பதைத் தனியே குறிக்கவும் வழி உண்டு. புலிகள் விஷயத்தில் அது நடக்காததற்குக் காரணம் ஆபத்தின் அளவு அல்ல என்றே நான் கருதுகிறேன். சிரியாவின் புதிய அதிபர் அல்-ஷரா தலைமை தாங்கிய ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாமின் பெயர், அவர் ஆட்சியைப் பிடித்த ஓராண்டுக்குள், 2025 ஜூலையில் நீக்கப்பட்டது. வாஷிங்டனுக்கு அவரோடு வேலை இருந்தது. முள்ளிவாய்க்காலுக்குப் பின் வன்னியில் அப்படி எவரும் இல்லை.

பட்டியலோ வளர்ந்துகொண்டே போகிறது. 2025 பிப்ரவரியில் மெக்சிகோவின் போதைக் கும்பல்களும் அதில் சேர்ந்தன. மிச்சோவகான் மாநிலத்தில் அவகாடோ விளைவிப்போர் இக்கும்பல்களுக்கு மாமூல் கட்டித்தான் தோப்பைக் காக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நாளை அமெரிக்க எல்லையில் தஞ்சம் கேட்டால், ‘அவர்களுக்குப் பணம் கொடுத்தாயா?’ என்று வன்னி விவசாயி எதிர்கொள்ளும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.