நரம்புக்கு வெளியே நார்அட்ரினலின்: இரண்டாம் உள்ளேற்பின் வரலாறு

நார்அட்ரினலின் என்பது பரிவு நரம்புகளின் முனைகளில் சுரக்கும் வேதித்தூதுப் பொருளாகும். அச்சமோ அவசரமோ நேரும்போது இது இதயத் துடிப்பைக் கூட்டும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பரிவு நரம்புகளின் தூதுப்பொருள் இதுவே என்பதை 1946-இல் சுவீடன் அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர் கண்டறிந்தார். வேலை முடிந்தபின் இப்பொருள் எங்கே போகிறது என்பது அடுத்து எழுந்த கேள்வி. அதற்கான விடையின் ஒரு பாதி நெடுநாள் கவனிக்கப்படாமல் இருந்தது.

முதல் விடை

நொதிகள் சிதைப்பதால்தான் இப்பொருளின் வேலை முடிகிறது என்று முதலில் கருதப்பட்டது. மோனோஅமீன் ஆக்சிடேசு என்ற நொதி முன்பே அறியப்பட்டிருந்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்க அறிஞர் ஜூலியஸ் ஆக்சல்ராடு, காம்ட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு நொதியைக் கண்டறிந்தார். ஆனால், கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய நார்அட்ரினலினைக் கொண்டு அவருடைய குழு செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. சுரந்த பொருளில் பெரும்பகுதி நரம்பு முனைக்குள்ளேயே திரும்ப இழுக்கப்படுகிறது. ஆக்சல்ராடு, வான் ஆய்லர், பெர்னார்டு காட்சு ஆகிய மூவரும் 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இரண்டாம் உள்ளேற்பு

1965-இல் கேம்பிரிட்சைச் சேர்ந்த லெசுலி ஐவர்சன், எலியின் இதயத்தில் மிகுந்த செறிவுள்ள நார்அட்ரினலினைச் செலுத்தினார். அப்போது நரம்பு அல்லாத உயிரணுக்களும் அதை உள்ளே எடுத்துக்கொண்டன. நரம்பு முனையின் உள்ளேற்பை முதலாவது என்றும், இதை இரண்டாவது என்றும் அவர் பெயரிட்டார். முதலாவது சோடியத்தை நம்பியது. கோகேயின் அதைத் தடுக்கும். இரண்டாவதற்குச் சோடியம் தேவையில்லை. கார்ட்டிகோசுட்டீரோன் என்ற இயக்குநீர் அதைத் தடுக்கும்.

அவ்வளவு செறிவு உடலில் இயல்பாக இருப்பதில்லை. ஆகவே இது சோதனைச்சாலையில் மட்டும் தெரியும் நிகழ்வு என்ற ஐயம் எழுந்தது. 1969-இல் லைட்மேன், ஐவர்சன் இருவரும் அதைத் தீர்த்தனர். குறைந்த செறிவிலும் பொருள் உயிரணுவுக்குள் போகிறது. போன உடனே காம்டும் மோனோஅமீன் ஆக்சிடேசும் அதை மாற்றிவிடுகின்றன. இரு நொதிகளையும் தடுத்தபோது, பொருள் உள்ளே தேங்குவது தெரிந்தது. அடியில் குழாய் திறந்திருக்கும் தொட்டியில் நீர்மட்டம் உயராது. அதனால் நீர் வரவில்லை என்று சொல்ல முடியுமா? அதுபோன்றதே இதுவும்.

மனித உயிரணுக்களில்

மனித உயிரணுக்களில் இதை ஆராய, சிறுநீரகப் புற்றுநோயிலிருந்து வளர்த்த காக்கி-1 என்ற உயிரணு வகை 1990-இல் ஜெர்மானிய ஆய்வாளர்களுக்கு உதவியது. 1998-இல் அதே உயிரணுக்களிலிருந்து, பொருளை உள்ளே கொண்டுசெல்லும் கடத்திப் புரதத்தின் மரபணுவை அவர்கள் பிரித்தெடுத்தனர்.

அதே ஆண்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்து பின்னர் அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வடிவேல் கணபதியின் குழுவும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. நஞ்சுக்கொடியில் மிகுதியாகக் காணப்படும் ஓசிடி-3 என்ற கடத்தியும் இரண்டாம் உள்ளேற்பின் கடத்தியும் ஒன்றே என அக்குழு காட்டியது.

நஞ்சுக்கொடியில் நரம்புகள் இல்லை. ஆயினும், முதல் உள்ளேற்புக்கு உரிய நார்அட்ரினலின் கடத்தியும் அதன் தாய்ப்பக்கச் சவ்வில் இருப்பதை இக்குழு 1993-இலேயே காட்டியிருந்தது. தாயின் இரத்தத்தில் நார்அட்ரினலின் மிகுந்தால் கருப்பைக் குழாய்கள் சுருங்கும். குழந்தைக்குச் செல்லும் இரத்தம் குறையும். கர்ப்பிணி கோகேயின் எடுத்துக்கொண்டால், இப்பொருளை அகற்றும் அந்தக் கடத்தி தடைபடுகிறது.

மருத்துவப் பயன்

பரிவு நரம்பு முனைகளில் மோனோஅமீன் ஆக்சிடேசு உண்டு, காம்ட் இல்லை. ஆகவே காம்ட் உருவாக்கும் நார்மெட்டாநெஃப்ரின், நரம்புக்கு வெளியே நடந்த வேலைக்குச் சான்றாகும். அட்ரினல் சுரப்பியில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டியிலும் காம்ட் ஓயாமல் இயங்குகிறது. அதனால்தான், காரணம் புரியாத உயர் இரத்த அழுத்தத்தில் இக்கட்டி இருக்கக்கூடும் என்று ஐயுறும் மருத்துவர்கள், இரத்தத்திலோ சிறுநீரிலோ நார்அட்ரினலினைவிட நார்மெட்டாநெஃப்ரின், மெட்டாநெஃப்ரின் ஆகியவற்றின் அளவையே பெரிதும் நம்புகின்றனர்.