கிட் லென்ஸுக்கு அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்? செஞ்சி முதல் கழுவெளி வரை படம் எடுப்பவர்களுக்கு முழு விவரம்

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் போதவில்லை, அடுத்து என்ன வாங்குவது? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் விடுமுறை நாளில் கேமராவோடு கிளம்பும் பலருக்கும் வரும் கேள்வி இது. சிலருக்கு லென்ஸ் விலை கேமரா விலையையே தொட்டுவிடும். அதனால் "எது நல்ல லென்ஸ்?" என்று கேட்கும் முன், "என் படங்களில் எது குறையுது?" என்று பாருங்க.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியாக எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த 100 படங்களைத் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் பாருங்க. எத்தனை மி.மீ., ஐஎஸ்ஓ எவ்வளவு, ஷட்டர் வேகம் என்ன என்பது அதில் இருக்கும்.

* பெரும்பாலும் 18-லேயே நிற்குதா? உங்களுக்குத் தேவை அகலம்.
* 55-ல் முட்டி நிற்குதா? தேவை தூரம்.
* ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறியும் படம் கலங்குதா? தேவை வெளிச்சம்.

அகலம்: செஞ்சிக் கோட்டை

2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை இது. ராஜகிரி மலையைத் தூரத்தில் இருந்து எடுக்க அகல லென்ஸ் தேவையே இல்லை. சொல்லப்போனால் மலை இன்னும் சின்னதாகத்தான் தெரியும். கல்யாண மஹால் முற்றம், களஞ்சியத்தின் உட்புறம் என்று பின்னால் நகர இடமில்லாத இடத்தில்தான் அது கைகொடுக்கும்.

சின்ன சென்சார், அதாவது ஏபிஎஸ்-சி கேமராவில் 18 மி.மீ. காட்டும் கோணம் சுமார் 75 டிகிரி. 10 மி.மீ. என்றால் 100 டிகிரியைத் தாண்டும். ஆனால் அசையாத கட்டடத்துக்கு, பக்கவாட்டில் நான்கைந்து படம் எடுத்து ஒட்டினாலும் அகலம் கிடைத்துவிடும். முதலில் அதைச் செய்து பாருங்க, செலவே இல்லை.

தூரம்: கழுவெளி

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம், வானூர் வட்டாரத்தில் இருக்கும் கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும் இடம்.

ஒரு சின்ன கணக்கு. சுமார் 1 மீட்டர் உயர நாரை ஒன்று 100 மீட்டர் தள்ளி நிற்கிறது. ஏபிஎஸ்-சி கேமராவில் 55 மி.மீ. வைத்து எடுத்தால் படத்தின் உயரத்தில் 28-ல் ஒரு பங்குதான் அது இருக்கும். 300 மி.மீ. வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு. பறவையைக் கலைத்து கிட்டே போவதை விட இதுதான் சரி.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. 300-ல் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஷட்டர் 1/500 நொடியாவது வேண்டும், பறக்கும் பறவைக்கு 1/1000-க்கு மேல். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையைத்தான் சமாளிக்கும், பறவையின் அசைவை நிறுத்தாது.

வெளிச்சம்: அமாவாசை இரவு

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவம் போல இரவில் நடக்கும் விழா, வீட்டு விசேஷம், தெருக்கூத்து எல்லாவற்றுக்கும் எஃப் 1.8 லென்ஸ் பொருந்தும். 55 மி.மீ.-ல் கிட் லென்ஸ் திறப்பது எஃப் 5.6 வரைதான். எஃப் 1.8-ல் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/15 நொடியில் கலங்கிய படத்தை 1/125-ல் தெளிவாக எடுக்கலாம்.

மூன்று வகையில் பொதுவாக விலை குறைவானதும் இந்த 50 மி.மீ. எஃப் 1.8 தான். ஆனால் இதில் ஜூம் கிடையாது. ஏபிஎஸ்-சி கேமராவில் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க சுமார் 4 மீட்டர் பின்னால் போகணும். சின்ன வீட்டுக்குள் எடுப்பவர் என்றால் 35 மி.மீ. பாருங்க. வாங்கும் முன் கிட் லென்ஸை 35-ல் ஒரு நாள், 50-ல் ஒரு நாள் நகர்த்தாமல் வைத்து எடுத்தால் எது ஒத்துவரும் என்று தெரிந்துவிடும்.

கேமராவில் பொருந்துமா?

* கேனான் டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் போட்டு ஆர்எஃப் மவுண்ட் மிரர்லெஸ் கேமராவில் மாட்டலாம். ஆர்எஃப் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது.
* நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றின் உள்ளே ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யணும். 1.8ஜி என்றால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், சோதித்த பிறகு. மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். கொஞ்சம் தூசி இருந்தால் பயமில்லை. உங்கள் கேமராவிலேயே மாட்டி, கிட்டேயும் தூரத்திலும் ஃபோகஸ் ஆகுதா என்று பாருங்க. கடற்கரை ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் வரும் என்பதால், வாங்கிய லென்ஸை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்க.

100 படங்களைப் பார்த்தும் மூன்றில் எதுவும் குறையவில்லை என்றால்? பணத்தை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்க. அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு கழுவெளிக்கோ செஞ்சிக்கோ அதிகாலையில் இரண்டு முறை போய் வந்தால், இருக்கிற லென்ஸிலேயே நல்ல படம் கிடைக்கும்.