பக்கவாதத்தை முதலில் காண்பவர் தாதி

பக்கவாதத்தின் வரலாறு என்றாலே மருத்துவர்களின் பெயர்கள்தாம் வரிசையாக வரும். ஆனால், மருத்துவமனையில் நோயாளியின் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு தாதிதான். அந்தக் கவனிப்பு உயிர் காக்கும் என்பது நிரூபணமாக நெடுங்காலம் ஆனது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதைப் ‘பாரிசவாயு’ என்பார்கள். பாரிசம் என்றால் பக்கம். ஒரு பக்கத்தை வாயு அடித்துவிட்டது என்பது கருத்து. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரோக்’ என்றாலும் அடிதான். கடவுளின் கை அடித்தது என்று ஆங்கிலேயர் அக்காலத்தில் எண்ணினார்கள். அடி விழுந்துவிட்டது, இனி என்ன செய்வது என்ற மனநிலை இரண்டு பெயரிலும் ஒளிந்திருக்கிறது.

1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர், இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து உள்ளே இரத்தக் கசிவு இருந்ததை எழுதினார். காரணம் தெரிந்தது, சிகிச்சை கிடைக்கவில்லை. அதன் பிறகும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவதும் துடைப்பதும் ஊட்டுவதுமே தாதியர் செய்ய முடிந்தவையாக இருந்தன.

பக்கவாதம் இரண்டு வகைப்படும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடலாம், அல்லது வெடிக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, லண்டனில் கோட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளி படுத்தார். அதன் பிறகுதான் இவற்றை உடனே பிரித்தறியும் வழி பிறந்தது.

அடுத்த திருப்பம் நார்வேயில் நிகழ்ந்தது. துரோண்ட்ஹெய்ம் நகரில் 220 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பக்கவாதத்துக்கென்றே அமைந்த தனி வார்டிலும் மறுபாதியைப் பொது வார்டிலும் வைத்துப் பராமரித்தனர். 1991இல் முடிவு வெளியானது. ஆறு வாரங்களில் தனி வார்டினரில் 100க்கு 56 பேர் வீட்டில் இருந்தனர்; பொது வார்டினரில் 33 பேர்தான். தனி வார்டில் அதிசய மருந்து எதுவும் இல்லை. நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைத்தார்கள், நடக்க வைத்தார்கள், ஓயாமல் கவனித்தார்கள்.

1995இல் மருந்தும் வந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ஊனம் குறையும் என்று அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் அது நாலரை மணி நேரமாக நீண்டது. இரத்தக் கசிவு உள்ளவருக்கு இந்த ஊசி ஆபத்து என்பதால் ஸ்கேன் எடுக்காமல் போட முடியாது. முகம் கோணுகிறதா, கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்து நேரத்தைக் குறிக்கும் எளிய சோதனையும் 1998இல் பிரிட்டனில் உருவானது. விரல் நுனியை ஊசியால் குத்தினால் சரியாகிவிடும் என்று சுற்றிவரும் செய்திகளை நம்பி நிமிடங்களை இழப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

தாதியரின் பங்கை எண்ணிக்கையோடு நிறுவியவர் ஆஸ்திரேலியத் தாதிமைப் பேராசிரியர் சாண்டி மிடில்டன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த அவருடைய ஆய்வு 2011இல் வெளிவந்தது. மூன்றே விஷயங்கள்: காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன். உடல்வெப்பம் 37.5 பாகையைத் தொட்டாலே பாரசிட்டமால். விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாய்வழி ஒன்றும் கொடுப்பதில்லை; ஒரு மடக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அன்பு மிகுதியால் உறவினர் முதலில் நீட்டுவது அந்தத் தண்ணீரைத்தான். இம்முறையைப் பின்பற்றிய பிரிவுகளில் 90 நாட்களில் இறந்தோ ஊனமுற்றோ இருந்தவர்கள் 100க்கு 42 பேர்; மற்ற பிரிவுகளில் 58 பேர்.

வேறு நோய்க்காக வார்டில் இருப்பவருக்கும் பக்கவாதம் வரும். அறுவைச் சிகிச்சை முடிந்து அரைத்தூக்கத்தில் இருப்பவரின் குழறலை மயக்கமருந்தின் மிச்சம் என்று எண்ணிவிடுவது எளிது. அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்பது. காலை ஆறு மணிக்குக் கை விழுந்த நிலையில் கண்விழித்தவருக்கு, இரவு பத்து மணிக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்றால் கணக்கு பத்திலிருந்தே தொடங்கும். எட்டு மணி நேரம் போய்விட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு, “தெளிவாகப் பேசினார், இரு கைகளையும் தூக்கினார்” என்று இரவுப் பணித் தாதி குறித்து வைத்திருந்தால், போனது இரண்டு மணி நேரம் மட்டுமே.