கைவிடப்பட்ட கல்குவாரிகளும் கனிமக் கட்டணமும்: சிக்கராயபுரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபின், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி தொழில் வழித்தடமாக விரிவடைந்தது. ஆலைகளும் சாலைகளும் எழக் கருங்கல் சல்லி இன்றியமையாதது. கல் எடுத்தபின் எஞ்சும் பள்ளங்களைச் சீரமைக்கும் செலவு யாரைச் சார்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டப் பின்னணி

கருங்கல் ஒரு சிறுகனிமம். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் சிறுகனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. அதன்வழித் தமிழ்நாட்டில் 1959-இல் சிறுகனிமச் சலுகை விதிகள் உருவாயின. இவ்விதிகளின்கீழ்ப் பெறப்படும் சீனியரேஜ் கட்டணம் எடுக்கப்பட்ட கனிமத்திற்கான விலையே. பள்ளத்தை மூடுவதற்கான வைப்பு அன்று.

2015-ஆம் ஆண்டுத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளைத் தோற்றுவித்தது. பெருங்கனிமங்களுக்கு உரிமைத்தொகையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாத தொகையைக் குத்தகைதாரர் செலுத்த வேண்டும். சிறுகனிமங்களுக்கான அளவை மாநிலமே வரையறுக்கும். அவ்வாண்டு வகுக்கப்பட்ட நடுவணரசின் வழிகாட்டுதல் நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், சுற்றுச்சூழல், நலவாழ்வு, கல்வி முதலியவற்றிற்கு ஒதுக்கியது. பழைய பள்ளங்களின் சீரமைப்புக்கெனத் தனிப்பங்கு வகுக்கப்படவில்லை.

அமெரிக்க முன்மாதிரி

அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. திறந்தவெளிச் சுரங்க நிலக்கரிக்கு டன் ஒன்றுக்கு 35 சென்ட், நிலத்தடிச் சுரங்க நிலக்கரிக்கு 15 சென்ட் என அன்றைய உற்பத்தியாளரிடம் பெற்ற கட்டணம், சட்டத்திற்கு முன்பே கைவிடப்பட்ட சுரங்கங்களின் சீரமைப்புக்கு முதன்மையாக உரியதாயிற்று. பழையவர் விட்டுச்சென்ற கடனை அத்தொழிலே ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

சிக்கராயபுரம்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில், மாங்காட்டை அடுத்துள்ள சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் மழைநீர்த் தேக்கங்களாயின. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால், 2017-இல் சென்னைக் குடிநீர் வாரியம் அந்நீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகருக்கு வழங்கியது. 2019 வறட்சியிலும் அது கைகொடுத்தது. இவ்வாறு பயன்படுத்தும் செலவை ஏற்றது கல் எடுத்தோர் அல்லர், பொதுத்துறையே.

முடிவுரை

பள்ளம் நீர்நிலையானதால் அதன் கடன் தீர்ந்துவிடவில்லை. கரைக்குப் பாதுகாப்பும் நீருக்குத் தூய்மையும் தொடர்செலவைக் கோருவன. குத்தகை முடிந்த குவாரிக்குக் கட்டணம் செலுத்துவோர் இல்லை. எனவே, இன்றைய உற்பத்தியின்மீதான கட்டணத்தில் பழைய பள்ளங்களுக்கெனத் தனிப்பங்கை விதியே வரையறுத்தாலன்றி, அச்சுமை உள்ளூர் மக்களிடமே தங்கும் என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.