வார்ப்பு விரிசலும் இதய ஓட்டையும்



ஓசூர் சிப்காட்டில் வார்ப்பிலும் வெல்டிங்கிலும் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் கருவியால் சோதிப்பவர்கள் உங்களில் சிலர். 1953-இல் சுவீடனின் மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இருந்த அதே வகைக் கருவியைத்தான் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அவரும் டாக்டர் எட்லரும் தொடங்கியதே இன்றைய எக்கோ.

1968-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கிராமியாக்கும் பிரவீன் ஷாவும், உடலுக்குள் சாயம் செலுத்தும்போது எக்கோவில் மேகம்போல் தெரிவதை எழுதினார்கள். காரணம் நுண்குமிழிகள்.

இன்று குலுக்கிய உப்புநீரைக் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். அதன் குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும். இதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டை இருந்தால், மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் தெரியும். குமிழிகளின் எண்ணிக்கை கசிவின் அளவைத் தோராயமாகவே காட்டும்.

டாக்டர் சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். வார்ப்பில் விரிசல் என்றால் விட்டுவிடுவோமா?