அதுவும் இதுவும் போக, உது

பழவேற்காடு ஏரிக்கரையில் இடம் காட்ட இரண்டு சொல் போதும்: அந்தாண்ட, இந்தாண்ட. 'அந்த', 'இந்த' என்பவற்றோடு பக்கத்தைக் குறிக்கும் 'அண்டை' ஒட்டிப் பிறந்த வடதமிழகப் பேச்சு இது. லைட்ஹவுஸ் குப்பத்துக் கலங்கரை விளக்கமும் அந்தாண்ட. அதற்கு இப்பால் வலை போட்டிருக்கும் படகும் அந்தாண்டதான். தூரம் கூடினால் குரல் நீளும்: 'அதோஓஓ!'

1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் மொழியில் இதற்குத் தனிச்சொல் உண்டு: 'கிண்டர்'. கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் தள்ளியிருக்கிற இடத்தைக் காட்டுவது. இதன் ஆங்கில உறவு 'யாண்டர்'. ஜூலியட் நின்ற ஜன்னலைக் காட்ட ஷேக்ஸ்பியர் போட்ட சொல் அதுதான். அதன் குட்டை உறவான 'யான்' பொது ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவிட்டது. ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து போன்ற வட்டாரப் பேச்சுகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. ('எங்கே' என்று பொருள்படும் நம் 'யாண்டு'வை இதனோடு முடிச்சுப்போட ஆசை வரும். ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவில்லை.)

உண்மையில் தமிழிலும் சுட்டு இரண்டல்ல, மூன்று. அ, இ, உ என்று தொல்காப்பியம் சொல்கிறது. உது, உவன், உவள், உங்கு எல்லாம் பழைய நூல்களில் உண்டு. சேய்மைக்கும் அண்மைக்கும் இடைப்பட்டது உகரம் என்பது வழக்கமான இலக்கண விளக்கம். ஆனால் அளவுகோல் வைத்துப் பிரித்த நடு இடமா அது? 1185ஆம் குறளில் தலைவி, பிரிந்துபோகும் காதலரை 'உவக்காண்' என்று காட்டுகிறாள். தன் மேனியில் படரும் பசலைக்கு 'இவக்காண்'. போகிறவர் இன்னும் பார்வைக்குள் இருக்கிறார். அந்த நிலைக்கு 'அங்கே' என்பது சற்று அதிகம்.

தமிழகப் பேச்சில் உகரச்சுட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. பள்ளியில் 'அது, இது, உது' என்று ஒப்பித்ததோடு சரி.

யாழ்ப்பாணத்திலோ அது அன்றாடப் புழக்கம். அங்கே அதன் வேலையும் துல்லியம்: கேட்பவருக்கு அருகில் இருப்பது, அல்லது அவர் இப்போது சொன்னது. எதிரே இருப்பவர் கையில் உள்ள பொட்டலத்தைக் காட்டி 'உதென்ன?' என்பார்கள். அவர் ஏதாவது உளறினால், 'உப்பிடிச் சொல்லாதேங்கோ.' தூரத்தை விட ஆள்தான் இங்கே கணக்கு. அதனால்தான் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி டொரன்டோவில் இருக்கும் மகளிடமும் தொலைபேசியில் 'உங்கை குளிரோ?' என்று கேட்க முடிகிறது. பேச்சில் அடுத்து மூன்றாம் ஆள் ஒருவரின் ஊர் வந்தால், அது 'அங்கை' ஆகிவிடும்.